அப்பா சொன்னாவ

ஏப்ரல் 11

அப்பா இன்று டீ கிளாஸை இடது கையால் எடுத்தார். வலது கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரி. அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கேட்கவில்லை. நான் கேட்கிற ஆள் இல்லை.

பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். ஒரு பாராவை நான் முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். அப்பா திட்டவில்லை. "கையெழுத்து நல்லாருக்குல்லா, யார்டுக்கு வந்து பலகைல எழுது" என்றார். அப்பா படகு யார்டில் சூப்பர்வைசர். எட்டு மாதமாக அவர் சொல்லச் சொல்ல வேலைப் பலகையில் எழுதுகிறேன். எந்தப் படகு, என்ன வேலை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள்.

ஏப்ரல் 13

நாளை நள்ளிரவோடு மீன்பிடித் தடை தொடங்குகிறது. அறுபத்தொரு நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில்தான் எல்லோரும் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். ஜூன் பதினைந்து காலை ஐந்து மணிக்கு எல்லாப் படகும் தொழிலுக்குக் கிளம்பும். அன்றைக்கு யார்டில் மாட்டிக்கொண்டு நிற்கிற படகின் சொந்தக்காரர் முகத்தில் நாம் விழிக்க முடியாது என்று அப்பா சொல்வார்.

எங்கள் யார்டில் ஒரே ஒரு தண்டவாளம். தண்ணீருக்குள் இருந்து தொடங்கி ஷெட் வரை மேடேறுகிறது. படகைச் சக்கர வண்டியில் உட்காரவைத்து வின்ச்சால் இழுப்பார்கள். முதலில் ஏறுகிற படகு மேலே ஷெட்டுக்குப் போய்விடும். கடைசியில் ஏறுகிறது தண்ணீர் ஓரத்தில் நிற்கும். இறக்கும்போது நேர் எதிர். வாசலில் நிற்பது போனால்தான் உள்ளே இருப்பது போக முடியும். அதனால் பெரிய வேலை உள்ள படகு முதலில் ஏற வேண்டும், வெறும் பெயிண்ட் வேலை உள்ளது கடைசியில்.

இந்த முறை ஏழு படகு. அப்பா வரிசை சொன்னார், நான் எழுதினேன். சொல்லும்போது இரண்டு பெயர் மாறிப்போயின. நானே சரியாக எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 14

அப்பா காலையில் கட்டிலிலிருந்து எழுந்தார். எழுந்தவரால் நிற்க முடியவில்லை.

ஏப்ரல் 16

ஆஸ்பத்திரி. அம்மாவும் நானும் மாறி மாறித் தூங்குகிறோம். டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் கதவருகில் நின்று கேட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

தல்மேதா முதலாளி சென்னையிலிருந்து போன் செய்தார். யார்டு அவருடையது. நாங்கள் இருக்கிற வீடும் அவருடையது, சூப்பர்வைசருக்கென்று கட்டியது. அம்மா போனைப் பிடித்துக்கொண்டு, அழுத தொண்டையைக் கனைத்துச் சரிசெய்து சொன்னாள்:

"ஒண்ணுமில்ல மொதலாளி, பிரசர் கூடிருச்சு. டாக்டரு கொஞ்ச நாள் பேசக் கூடாதுன்னுட்டாவ. எல்லாம் எழுதிக் காட்டுதாவ. பிள்ள யார்டுக்கு வந்து சொல்லிரும்."

பிள்ளை என்றால் நான்.

ஏப்ரல் 18

இன்று தனியாகப் போனேன். இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஏணிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். படகுத் தச்சு வேலை பார்க்கிறவரை இங்கே ஓடாவி என்பார்கள். பிச்சையா ஓடாவி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏளா பிரிஸ்கா, வாயில என்ன கலப்பத்தா அடிச்சு வச்சிருக்கா? தொறக்கவே மாட்டக்கா?"

பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் பஞ்சு திணித்து அடைப்பதுதான் கலப்பத்து. எல்லோரும் சிரித்தார்கள். என் காது சுட்டது. ஓடிவிடலாம் என்று நினைத்தேன். அப்போது தானாக வந்தது:

"அப்பா சொன்னாவ, சமுத்திர ராணிய மொதல்ல ஏத்தணுமாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவர் வின்ச்சுக்குப் போனார். இரண்டு பேர் கம்பியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். மத்தியானத்துக்குள் படகு ஷெட்டில் நின்றது.

ஏப்ரல் 25

நேற்று அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நடு அறையில் சுவரோரமாகக் கட்டில் போட்டிருக்கிறோம். யார்டு ஆட்கள் வந்து பார்த்தார்கள். "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டதற்குத் தலையசைத்தார். "சீக்கிரம் வந்துருவியல்லா?" தலையசைத்தார். அவர்களுக்கு நிம்மதி.

சாயங்காலம் கட்டிலருகில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். நான்கு படகு ஏறிவிட்டது. இரண்டாவதுக்கு அடிப்பலகை ஆறு மாற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். நாளைக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். அசைத்தார்.

அப்பா சொன்னதைச் சீட்டில் எழுதி ஓடாவியிடம் கொடுத்தேன்.

ஏப்ரல் 28

இன்று ஒரே நாளில் இரண்டு சண்டை. எஞ்சின் மெக்கானிக்கை மூன்று படகுக்காரர்கள் கூப்பிட்டிருந்தார்கள். அவர் ஒரு படகுக்கும் போகாமல் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு படகில் ஃபைபர் பூசினது காயுமுன் பெயிண்டர் மேலே பெயிண்ட் அடித்துவிட்டார், எல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. பலகையில் தேதி மட்டும்தான் இருக்கிறது. எதற்குப் பின் எது என்று இல்லை. அது அப்பாவின் தலைக்குள் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து பழைய காலண்டர் தாள்களைக் கத்தரித்தேன். ஒரு வேலைக்கு ஒரு துண்டு. இரண்டு நாள் வேலைக்கு இரண்டு விரல் நீளம், ஐந்து நாள் வேலைக்கு ஐந்து விரல். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பரப்பினேன். சுரண்டுவதற்குப் பின் பலகை, பலகைக்குப் பின் கலப்பத்து, அப்புறம் ஃபைபர், அது காய இரண்டு நாள், அப்புறம்தான் பெயிண்ட். மெக்கானிக்குக்கு மட்டும் மஞ்சள் தாள். இரண்டு மஞ்சள் ஒரே நாளில் வந்தால் ஒன்றை நகர்த்த வேண்டும்.

ஒன்றை நகர்த்தினால் சில சமயம் ஒன்றும் ஆகவில்லை. சில சமயம் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் நகர்ந்தது. எது நகர்ந்தால் எல்லாம் நகரும் என்று தெரிந்துவிட்டால் அதை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். இது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா இறால் கம்பெனியிலிருந்து வந்து கால் வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்றாள். ஃபேனைப் போடாதே என்றேன். சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

மே 3

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மேற்கேயிருந்து வந்து மணலை அள்ளி ஈரப் பெயிண்டில் ஒட்டுகிறது. பெயிண்ட் வேலை எல்லாவற்றையும் காலை பத்து மணிக்குள் என்று மாற்றினேன். அப்பா சொன்னாவ.

மே 6

கொர்னேலியஸ் மாமாவின் 'விண்ணரசி' இன்றுதான் வந்தது, எல்லோருக்கும் கடைசியாக. மாமா குரல் கொடுத்தால் துறைமுகம் வரை கேட்கும்.

"ஏ பிள்ள, அடியெல்லாம் போன வருசமே பாத்தாச்சு. பெயிண்ட் மட்டுந்தான். இழுத்து நிறுத்து."

அப்பா ஒரு படகையும் நேரே அதன் இடத்துக்கு இழுக்கவிட மாட்டார். தண்ணீரைவிட்டு அடி வெளியே வந்ததும் நடுவில் நிறுத்தி, கீழே குனிந்து போய், சுத்தியலால் நெடுகத் தட்டிப் பார்ப்பார். ஒரு மணி நேரம் ஆகும். படகுக்காரர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கும் அது ஞாபகம் இருந்தது. வாயைத் திறந்தேன். மாமா, "என்ன?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல மாமா" என்றேன்.

விண்ணரசி தண்ணீர் ஓரத்தில் நிற்கிறது. அதற்குப் பின்னால் ஆறு படகு.

மே 9

நாளைக்கு லீவு விடட்டுமாப்பா என்று கேட்டேன், தலையசைத்தார். நாளைக்கு லீவு விட வேண்டாமாப்பா என்று கேட்டேன், தலையசைத்தார்.

மே 10

லீவு விடவில்லை. அப்பா சொன்னாவ.

மே 17

ஓடாவி என் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். "இரண்டு பலகையையும் தயவுசெய்து வியாழக்கிழமைக்குள் முடிக்கவும்." மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஒங்கப்பாட்ட சொல்லு, முடிச்சிருவேன்னு. தயவுசெஞ்சு சொல்லு."

ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. வியாழக்கிழமைக்குள் முடித்துவிட்டார்.

மே 21

மீன்துறையிலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். பதிவு எண், வண்ணம் எல்லாம் பார்த்தார்கள். ஓர் அதிகாரி பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். நான் காலண்டர் துண்டுகளைப் பார்த்து அதில் கோடு கோடாக வரைந்திருந்தேன். "யார் போட்டது இது?" என்று கேட்டார். "எங்கப்பா" என்றேன். "நல்ல தலை" என்றார்.

அப்பாவிடம் வந்து சொன்னேன். சோறு ஊட்டும்போது ஒரு பருக்கை அவர் கன்னத்தில் ஒட்டியிருந்தது, துடைத்துவிட்டேன். அவர் துணியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இடது கை இன்னும் பலமாகத்தான் இருக்கிறது.

மே 29

விண்ணரசியை இன்று சுரண்டினார்கள். பெயிண்ட் வேலைதானே என்று கடைசியில் வைத்திருந்தேன். ஓடாவி அடியில் போய்த் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று கேட்டது. பிறகு தொப். அவர் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

"ஏளா, இங்க வா."

படகின் முதுகெலும்பு மாதிரி அடியில் நெடுக ஓடுகிற கட்டைக்கு ஏரா என்று பெயர். அதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். தயிருக்குள் போவதுபோல் பிடி வரைக்கும் போயிற்று. ஒரு முழம் தள்ளி அழுத்தினார். அங்கேயும்.

ஏரா மாற்ற இருபத்தைந்து நாளாவது வேண்டும். இருப்பது பதினாறு நாள். ஆறு படகு உள்ளே.

ஆட்கள் கூடிவிட்டார்கள். "ரெமி அண்ணன் இப்படிக் கோட்ட விட மாட்டாரே" என்றார் ஒருவர், அப்பாவைத்தான். "சீக்குக்காரன்ல, அவர என்னத்தச் சொல்ல" என்றார் இன்னொருவர். ஒரு படகுக்காரர் காறித் துப்பினார். "முடியலன்னா முடியலன்னு சொல்லணும். படுத்துக்கிட்டே யார்டு நடத்தணும்னு என்ன கெதி?"

அப்பா தட்டிப் பார்க்காமல் விட்டதே கிடையாது. விட்டது நான். இருபது வருடமாக அவர் ஒரு படகைக்கூட இப்படி விட்டதில்லை. நான் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவரைப் பற்றி அவர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டேன். "நான்தான்" என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாமே தெரிந்துவிடும், வீடு போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

மே 30

சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு வயிற்றுவலி என்றேன்.

ஜூன் 2

கொர்னேலியஸ் மாமா தகரம் அடித்து மேலே ஃபைபர் பூசிப் படகை இறக்கச் சொல்கிறார். மற்ற ஆறு பேரும் அதையேதான் சொல்கிறார்கள். வாசல் திறந்தால் போதும் அவர்களுக்கு. நல்லவர்கள்தான். ஆனால் ஜூன் பதினைந்து வருகிறது.

"எறக்கிட்டு தொறமொகத்துல கட்டிப் போட்டுருவேன், போதுமா?" என்றார் மாமா.

ஓடாவி என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "தண்ணில மெதந்துட்டா அவன் கட்டிப் போடுத ஆளா? மொத நாளே போயிருவான். எட்டுப் பேரு போற படகு."

படகுக்கு ஒரு துண்டாகத் தரையில் பரப்பி எப்படி மாற்றினாலும் விண்ணரசி வழியில் நிற்கிறது. கோபத்தில் அதைக் கையால் தட்டிவிட்டேன். வரிசைக்குப் பக்கவாட்டில் போய் விழுந்தது. மற்ற ஆறும் அதனதன் இடத்தில் இருந்தன. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தண்டவாளத்துக்கு வடக்கே மணல் மேடு இருக்கிறது. அதை வெட்டிச் சமமாக்கி, பனங்கட்டை பரப்பி, கிரீஸ் தடவி, ஜாக்கியில் படகைத் தூக்கி, பக்கவாட்டில் இழுத்துப் போட்டுவிட்டால் வழி கிடைத்துவிடும். மேடு வெட்ட மூன்று நாள், இழுக்க ஒரு நாள். ஆறு படகின் ஆட்களும் வேண்டும். மாமா சரி என்று சொல்ல வேண்டும். அவர் படகை அவர் சொல்லாமல் தொட முடியாது.

ஜூன் 3

சொன்னேன். அப்பா சொன்னாவ என்று சொன்னேன். மேடு வெட்ட ஆட்கள் மண்வெட்டி எடுத்துவிட்டார்கள்.

மாமா மட்டும் மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்தார். "பக்கவாட்டுல இழுத்தா எம் படகு நெளிஞ்சு போவும்லா. ஒங்கப்பன் ஒரு தடவ தப்பு பண்ணான், அதுக்கு எம் படகா கெடச்சிது? நானே வீட்டுக்கு வாரேன். ரெமிட்ட நேர்ல கேக்கேன். தகரம் அடிச்சு எறக்குன்னு அவன் சொன்னான்னா ஒரு பய பேசக் கூடாது."

"பேசக் கூடாதுன்னு டாக்டரு..." என்றேன்.

"தலையசைக்கலாம்லா?"

ஜூன் 4

மேடு வெட்டுகிற வேலை நிற்கவில்லை. மாமா இன்று வரவில்லை.

ஜூன் 6

மாமா மத்தியானம் வந்தார். இரண்டு ஆரஞ்சு, ஒரு பாக்கெட் பிஸ்கட். கூடவே இன்னும் இரண்டு படகுக்காரர்கள் சாட்சிக்கு. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். நான் அடுப்படி வாசலில் நின்றேன்.

மாமா கட்டிலருகில் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவ்வளவு பெரிய குரல், இங்கே சின்னதாக வந்தது.

"எப்படிருக்க ரெமி?"

தலையசைத்தார்.

"நாம ஒண்ணா கடலுக்குப் போனவங்க. ஒன்ன மீறி நான் செய்ய மாட்டேன். ஏராவுக்குத் தகரம் அடிச்சு எறக்கட்டுமா? ஒரு சீசன் தாங்கும்லா?"

அப்பா தலையசைத்தார். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு.

மாமா மற்ற இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தார். "பாத்தியளா?" எழுந்துவிட்டார்.

அவர்கள் செருப்பு மாட்டப் போனார்கள். என் கையில் சில்வர் தம்ளர் இருந்தது, அதைக் கீழே வைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். வழக்கமாகக் கேட்கிற குரலிலேயே கேட்டேன்.

"அப்பா, நம்ம யார்டுல நூறு படகு நிக்குல்லா?"

தலையசைத்தார்.

மாமா திரும்பினார்.

"அப்பா, எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுல்லா?"

தலையசைத்தார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவர்களுக்குப் புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. ஏன் என்று இப்போது வரை எனக்குத் தெரியவில்லை.

"அப்பா, நீங்க எனக்கு அப்பா இல்லல்லா?"

தலை கொஞ்சம் அசைந்தது. பாதியில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாமா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். கேட்டார், "இத்தன நாளா யாரு சொன்னது?"

"நான்தான் மாமா."

"பிச்சையா ஓடாவி சொல்லித் தந்தானா?"

"இல்ல. நான்தான். ஒங்க படகத் தட்டிப் பாக்காம விட்டதும் நான்தான். அப்பா இல்ல."

அவர் கையைத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு, "நெசமாவே பிடி வரைக்கும் போவுதா?" என்றார்.

"ரெண்டு எடத்துல."

"தள்ளிப் போட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆரஞ்சு கட்டிலின் கால்மாட்டில் இருக்கிறது.

ஏப்ரலில் எழுதாததை எழுதிவிடுகிறேன். டாக்டர் அம்மாவிடம் சொன்னது இதுதான்: பேச்சு மட்டுமல்ல, கேட்கிறதைப் புரிந்துகொள்கிற இடமும் அடிபட்டிருக்கிறது. நீங்கள் பேசினால் உங்கள் முகத்தைப் பார்த்து அவர் தலையசைப்பார், சொல் போய்ச் சேராது. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரலாம். எவ்வளவு, எப்போது என்று சொல்ல முடியாது.

இன்றைக்கு எவ்வளவு திரும்பி வந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த மூன்றாவது கேள்வி மட்டும் போய்ச் சேர்ந்ததா? அல்லது மூன்றுமே போய்ச் சேர்ந்து, முதல் இரண்டுக்கும் என்னைக் காப்பாற்றத் தலையசைத்தாரா?

ஜூன் 7

அம்மாவிடம் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். ஆரஞ்சை உரித்து அப்பாவுக்குக் கொடுக்கப் போனாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 8

விஷயம் கேள்விப்பட்டு முதலாளி காரில் வந்தார். பலகையைப் பார்த்தார், வெட்டின மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன் மறச்சிய?"

"வீட்ட நெனச்சு."

அவர் பலகைப் பக்கம் திரும்பினார். "ஜூலைல ஒருத்தர் வாராரு. கப்பல் வேலைக்குப் படிச்சவரு. வீடு அவருக்குக் குடுக்கணும்மா, வேற வழியில்ல. ஜூலை கடைசி வரைக்கும் இருந்துக்கிடுங்க." பிறகு, "இந்தப் படகெல்லாம் எறங்குத வரைக்கும் நீயே பாத்துக்க. இப்ப இதுல கை வச்சா எவனுக்கும் ஒண்ணும் வெளங்காது" என்றார்.

அவர் போன பிறகு ஓடாவி வந்தார்.

"எனக்கு மே மாசமே தெரியும்ளா. ஒங்கப்பன் எனக்கு இருவது வருசமா சீட்டு அனுப்புதான். ஒரு நாளாவது தயவுசெஞ்சுன்னு போட்டிருக்கானா? 'முடிடா பிச்சை'ன்னுதான் இருக்கும்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

ஜூன் 9

விண்ணரசியைத் தள்ளினோம். நாற்பத்தாறு பேர், இரண்டு கயிறு. முன்பக்கக் கயிறும் பின்பக்கக் கயிறும் ஒரே நேரத்தில் இழுபட வேண்டும், இல்லையென்றால் படகு முறுகும். இரண்டு கயிற்றுக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, வெட்டின மண் நடுவே குவிந்து மறைக்கிறது. இருவருக்கும் தெரிகிற இடத்தில் ஒருவர் நின்று குரல் கொடுக்க வேண்டும். டிரம் மேல் ஏறி நின்றேன்.

முதல் குரல் எனக்கே கேட்கவில்லை. முன்கயிற்றில் முதல் ஆளாகக் கொர்னேலியஸ் மாமா நின்றார். அவர் தலையை நிமிர்த்தி, "சத்தமாச் சொல்லுளா, எம் படகு" என்றார்.

சொன்னேன். ஒரு சாண், நிறுத்து. ஒரு சாண், நிறுத்து. காலை ஏழிலிருந்து நான்கு மணி வரை. ஒரு தடவை கட்டை உருண்டது, யாருக்கும் அடி இல்லை. படகு மேட்டில் உட்கார்ந்ததும் ஏராவில் ஒரு கை நீளத் துண்டு தானாகக் கழன்று மணலில் விழுந்தது. கறுப்பாக, நனைந்த பிஸ்கட் மாதிரி. மாமா அதை எடுத்துப் பார்த்துவிட்டு மணலிலேயே வைத்தார்.

வீட்டில் அப்பா சுவரைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறார். கஞ்சி கொடுக்க முகத்தைத் திருப்பினால் கண்ணை மூடிக்கொள்கிறார். ஆறாம் தேதியிலிருந்தே சாயங்காலம் யார்டில் நடந்ததைச் சொல்வதை விட்டுவிட்டேன். எந்த முகத்தோடு சொல்வது?

ஜூன் 11

இரண்டு படகு இறங்கின.

ஜூன் 12

ஒன்று. தொண்டை கட்டிவிட்டது, கையைக் காட்டியே சொன்னேன். யாருக்கும் புரியாமல் போகவில்லை.

ஜூன் 13

இரண்டு.

ஜூன் 14

சமுத்திர ராணி கடைசியாக இறங்கியது. தண்டவாளத்தில் ஒன்றும் இல்லை. பெயிண்ட் சிந்திய மணலைக் கூட்டி அள்ளினோம். படகுக்காரர்கள் மிக்சரும் டீயும் வாங்கிக் கொடுத்தார்கள். ஒருவர் கிளாஸை என் கையில் தந்தபோது, "ஒங்கப்பாவ அன்னைக்குப் பேசுனத மனசுல வச்சுக்கிடாத மக்கா" என்றார். காறித் துப்பினவர். நான் டீயைக் குடித்தேன்.

ஜூன் 15

அதிகாலையில் எஞ்சின் சத்தம் கேட்டு விழித்தேன். எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கிளம்பினால் இந்த வீட்டு ஜன்னல் கம்பிகள் அதிரும். அடுத்த வருடம் இதை எந்த வீட்டில் இருந்து கேட்போம், கேட்குமா என்று தெரியவில்லை. அம்மாவும் விழித்திருந்தாள்.

எழுந்து அப்பாவைப் பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது. தூங்கவில்லை. சுவரில் பதிந்திருந்த இடது கை விரல்கள் சத்தத்தோடு சத்தமாக அதிர்ந்துகொண்டிருந்தன.

கூப்பிடவில்லை. கட்டிலின் தலைமாட்டுக் காலைப் பிடித்து இழுத்தேன், பிறகு கால்மாட்டை. நான்கைந்து தடவை மாறி மாறி. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே இரண்டடி இடம் வந்தது. அதற்குள் நுழைந்து, அவர் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தேன்.